மணிக்கு ஒரு மில்லி சீராக வரணும்: சிரிஞ்ச் பம்ப் செய்தவங்க கொஞ்சம் வாங்க

#1 படிகாரப்பித்தன்

வணக்கம். ரொம்ப நாளா ஓரமா நின்னு வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். இதுதான் என் முதல் இழை.

படிகாரப் படிகம் வளர்க்கிறேன். நிறைகரைசலை மூடி வெச்சுட்டு வாரக்கணக்கா காத்திருக்கிற வழி தெரியும், செஞ்சும் பார்த்தாச்சு. இப்ப முயற்சி பண்றது வேற. படிகாரம் தண்ணில கரையும், எத்தனால்ல கரையாது. கரைசலுக்குள்ள எத்தனாலை மெல்ல மெல்ல விட்டா, கரைஞ்சிருக்க இடமில்லாம படிகாரம் வெளிய வந்து, தொங்கவிட்ட விதைப்படிகத்து (வளர்றதுக்குத் தொடக்கமா வெச்ச குட்டிப் படிகம்) மேல ஒட்டிக்கும். வேகமா விட்டா அவ்வளவுதான், வெள்ளைப் பொடியா அடியில இறங்கிடும். கையால சொட்டு சொட்டா விட்டுப் பார்த்தேன். பொடிதான்.

அதனால ஒரு சிரிஞ்ச் பம்ப் செஞ்சேன்: மோட்டார் திருகைச் சுத்தும், திருகு சிரிஞ்சோட பிளஞ்சரை (உள்ளே தள்ளுற தண்டை) மெல்ல நகர்த்தும். 10 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்ச், நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாச் சுத்துறது), அதை ஓட்டுற ஏ4988 டிரைவர், டி8 திருகு, புரோகிராம் போட ஒரு ஆர்டுயினோ போர்டு. 10 மி.லி. 10 மணி நேரத்துல இறங்கணும், அதாவது மணிக்கு 1 மி.லி.

நடந்தது என்னன்னா, முதல் அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே வரலை. அப்புறம் வர ஆரம்பிச்சது, நிக்கவே இல்லை. ரெண்டரை மணி நேரத்துல சிரிஞ்ச் காலி. அதுலயும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், திடீர்னு ரெண்டு சொட்டு சேர்ந்து விழும். மோட்டார் மட்டமான சரக்கா? மாத்திடலாமா?

#2 லேத்துக்காரன்

மோட்டாரைத் தொடாதீங்க தம்பி. புரோகிராம்ல திருகுக்கு என்ன அளவு போட்டிருக்கீங்க?

#3 படிகாரப்பித்தன்

2 மி.மீ. அண்ணே. வாங்கும்போது பிட்ச் 2 மி.மீ.னுதான் போட்டிருந்துச்சு. ஸ்கேல் வெச்சு அளந்தும் பார்த்தேன், பல்லுக்குப் பல்லு 2 மி.மீ. சரியா இருக்கு.

#4 லேத்துக்காரன்

பிட்ச் சரி. லீட், அதாவது ஒரு முழுச் சுத்துக்கு நட்டு நகர்ற தூரம், எவ்வளவு?

திருகைக் கழட்டி முனையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. புரி எத்தனை இடத்துல ஆரம்பிக்குதுன்னு எண்ணுங்க. ஒரே இடத்துல ஆரம்பிச்சா ஒரு சுத்துக்கு 2 மி.மீ. நகரும். 3டி பிரின்டர்ல போடுற டி8 பெரும்பாலும் நாலு புரி பக்கத்துல பக்கத்துல ஓடுறது. அதுல நட்டு ஒரு சுத்துக்கு 8 மி.மீ. போகும். பல்லுக்குப் பல்லு அளந்தா 2ன்னுதான் காட்டும், ஏன்னா நீங்க அளக்கிறது பக்கத்து வீட்டுக்காரன் பல்லை.

10 மணி நேரம் ரெண்டரை மணி நேரமா ஆனதுன்னா சரியா நாலு மடங்கு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?

#5 படிகாரப்பித்தன்

நாலு இடத்துல ஆரம்பிக்குது. 🤦 மூணு நாளா மோட்டாரைத் திட்டிட்டு இருந்தேன்.

#6 இரவுப்பணி

நான் இன்ஜினியர் இல்ல, ஐசியு நர்ஸ். தினமும் பத்துப் பதினஞ்சு சிரிஞ்ச் பம்ப்கூடத்தான் வேலை. உங்க கதையைப் படிச்சதும் வகுப்புல சொல்லிக்கொடுத்த ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

கையடக்க சிரிஞ்ச் டிரைவரை முதல்ல செஞ்சவர் பிரிட்டன்ல மார்ட்டின் ரைட். மூச்சோட வேகத்தை அளக்கிற பீக் ஃப்ளோ மீட்டரும் அவர் செஞ்சதுதான். தலசீமியா நோயாளிங்களுக்கு ரத்தம் ஏத்தி ஏத்தி உடம்புல இரும்பு சேர்ந்துடும். அதை வெளியேத்துற மருந்தைத் தோலுக்கடியில மணிக்கணக்கா மெல்லச் செலுத்தணும். அதுக்குத்தான் 1970கள்ல ஒரு சின்னப் பேட்டரிப் பெட்டியை சிரிஞ்ச்கூட சேர்த்துக் கட்டினார். 1979லேர்ந்து கடைசிக்கட்ட நோயாளிகளோட வலி மருந்துக்கும் அது பயன்பட ஆரம்பிச்சது.

இதுல ஒரு கோளாறு. அந்தப் பெட்டிக்கு மில்லிலிட்டர் தெரியாது, மில்லிமீட்டர்தான் தெரியும். பிளஞ்சர் எத்தனை மி.மீ. நகரணும்னு நாமதான் கணக்குப் போட்டு வைக்கணும். அதுலயும் ரெண்டு மாடல். எம்எஸ்16ஏ மணிக்கு இத்தனை மி.மீ., எம்எஸ்26 24 மணி நேரத்துக்கு இத்தனை மி.மீ. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. மாத்தி எடுத்தா 24 மடங்கு. கடைசியில 2010ல பிரிட்டனோட நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு, மி.மீ. கணக்குப் பெட்டிகளை அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்தி, மணிக்கு இத்தனை மி.லி.ன்னு வைக்கிற கருவிக்குப் போங்கன்னு அறிவிச்சது.

நீங்க தப்பியது நாலு மடங்கோட. படிகாரமா இருக்கப் போய் சரியாப் போச்சு.

#7 சாவிகொடுத்தவன்

மோட்டாரே வேணாம்ங்க. நான் ஒருதடவை சாவி கொடுக்கிற டைமரோட தண்டுல ஒரு எம்5 திரெட் ராடை (முழுக்கப் புரி போட்ட 5 மி.மீ. கம்பி) மாட்டினேன். மணிக்கு ஒரு சுத்து, 0.8 மி.மீ. நகரும். 60 மி.லி. சிரிஞ்ச் போட்டா மணிக்கு 0.45 மி.லி. கரண்ட் இல்ல, சத்தம் இல்ல, புரோகிராம் இல்ல.

முடிஞ்சதும் மணி வேற அடிக்கும்.

#8 படிகாரப்பித்தன்

அண்ணே வேலை செஞ்சுதா?

#9 சாவிகொடுத்தவன்

ரப்பர் வெச்ச சிரிஞ்ச்ல நகரவே இல்லை. கண்ணாடி சிரிஞ்ச் இரவல் வாங்கிப் போட்டேன், நகர்ந்துச்சு. ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை எழுந்து சாவி கொடுக்கணும். மூணாவது மணிக்குத் தூங்கிட்டேன்.

#10 சுழியம்

மேலே இருப்பவர் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. மெல்லத் தள்ள இரண்டு வழி. ஒன்று, இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்துவது: திருகு. இன்னொன்று, விசையை மாறாமல் வைத்து வழியைக் குறுக்குவது: ஸ்பிரிங்கும் ஒரு மெல்லிய குழாயும். இரண்டாவது வழியில் மோட்டார் இல்லாத மருத்துவப் பம்புகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த ஓட்டம் குழாய் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆரத்தில் 5 விழுக்காடு பிசகினால் ஓட்டத்தில் 20 விழுக்காடு போகும். திரவத்தின் பிசுக்குமையும் பிடித்து ஆட்டும். தண்ணீரை எடுத்துக்கொண்டாலே 20 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் கால் மடங்கு வேகமாக ஓடும். பிளஞ்சர் மேல் எடை வைத்துப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன்: ரப்பரின் உராய்வு நிலையானதல்ல. எடை வைத்தால் நிற்கும், நிற்கும், பிறகு ஒரேயடியாக இறங்கும்.

ஆக, திருகுதான். அதையும் நுண்புரித் திருகாகப் போடுங்கள். கணக்கு இதோ.

சிரிஞ்சின் உள்விட்டத்தைக் காலிப்பரால் வாய்ப்பக்கம் அளக்காதீர்கள், அங்கே அகன்றிருக்கும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை எத்தனை மி.மீ. என்று அளந்து, 10,000ஐ அதனால் வகுங்கள். குறுக்குப்பரப்பு சதுர மி.மீட்டரில் வந்துவிடும். 60.5 மி.மீ. என்றால் பரப்பு 165, விட்டம் 14.5. எல்லா 10 மி.லி. சிரிஞ்சும் ஒன்றல்ல, 15.8 மி.மீ. விட்டத்திலும் வருகிறது. சிரிஞ்சை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் 19 விழுக்காடு கூடுதலாக ஓடும்.

விட்டம் 14.5 என்றால் மணிக்கு 1 மி.லி. என்பது மணிக்கு 6.06 மி.மீ. உங்கள் டி8 திருகில் மோட்டாரின் ஒரு முழு ஸ்டெப் 0.04 மி.மீ., 6.6 மைக்ரோலிட்டர். 24 நொடிக்கு ஒரு ஸ்டெப். எம்5 ராடில் ஒரு ஸ்டெப் 0.004 மி.மீ., 0.66 மைக்ரோலிட்டர், 2.4 நொடிக்கு ஒன்று. பத்தில் ஒரு பங்கு.

#11 குடுவைக்காரி

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இதுக்கு பம்பே எதுக்கு? படிகாரக் கரைசலை ஒரு சின்னப் பீக்கர்ல வெச்சு, அதை எத்தனால் இருக்கிற பெரிய ஜாடிக்குள்ள இறக்கி மூடிட்டா போதும். எத்தனால் ஆவி தானா கரைசலுக்குள்ள போய்ச் சேரும். வேதியியல் லேப்ல படிகம் வளர்க்கிறவங்க காலங்காலமா செய்யறது இதுதான். நகர்ற பாகம்னு ஒண்ணு கிடையாது.

#12 படிகாரப்பித்தன்

தெரியும் அக்கா, ஒருதடவை செஞ்சு நல்லாவே வந்துச்சு. ஆனா வேகம் என் கையில இல்லை. ஆரம்பத்துல மெதுவா, விதை பெருசானதும் கொஞ்சம் வேகமா விட்டா எப்படி வளரும்னு பார்க்க ஆசை. அதுக்குத்தான் பம்ப். (பம்ப் செய்யற ஆசையும் கொஞ்சம் இருக்குன்னு ஒத்துக்கிறேன்.)

#13 நெறியாளர்

எத்தனால் எளிதில் தீப்பிடிப்பது. திறந்த தீ, ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம். குடுவையை மூடி வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். தொடருங்கள்.

#14 படிகாரப்பித்தன்

எம்5 ராட் போட்டாச்சு. மில்லிகிராம் காட்டுற தராசு ஒண்ணு கிடைச்சுது. ஒரு சின்ன பீக்கர்ல தண்ணி, மேல எண்ணெய் ஒரு படலம் (ஆவியாகக் கூடாதுன்னு), ஊசி முனை எண்ணெயைத் தாண்டித் தண்ணிக்குள்ள. சிரிஞ்ச்லயும் இப்போதைக்கு வெறும் தண்ணிதான். நிமிஷத்துக்கு ஒருதடவை எடையைப் பதிவு பண்றேன். நிமிஷத்துக்கு 16.7 மி.கி. ஏறணும்.

மூணு விஷயம் பார்த்தேன்.

முதல் 20 நிமிஷம் சுழி. அசைவே இல்லை.

அப்புறம் சராசரி சரியா வருது, மணிக்கு 0.99 கிராம். ஆனா அலை இருக்கு. நிமிஷத்துக்கு 12 ஆகும், 21 ஆகும், மறுபடி 12. ஒரு அலைக்கு ஏறக்குறைய 8 நிமிஷம்.

அந்த அலை மேல ஒழுங்கே இல்லாம அங்கங்க குதிக்குது. 4, 5, 5, 38, 17.

ஒரு நல்ல சேதியும் உண்டு: ஊசியைத் தண்ணிக்குள்ள வெச்சதும் ரெண்டு ரெண்டு சொட்டா விழுந்த பிரச்சினை போயிடுச்சு.

#15 சுழியம்

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில். தண்ணீர்ச் சொட்டு ஒன்று ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். மணிக்கு 1 மி.லி. என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டு. பம்ப் எவ்வளவு சீராகத் தள்ளினாலும், முனை காற்றில் தொங்கினால் கீழே போய்ச் சேர்வது தவணை முறைதான். எத்தனாலுக்குப் பரப்பு இழுவிசை குறைவு, சொட்டு சின்னது, ஆனாலும் சொட்டு சொட்டுதான். முனை திரவத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது குடுவைச் சுவரைத் தொட வேண்டும்.

8 நிமிட அலைக்கு: மணிக்கு 6.06 மி.மீ., சுற்றுக்கு 0.8 மி.மீ. ஆக மணிக்கு 7.6 சுற்று. ஒரு சுற்றுக்கு 7.9 நிமிடம். குற்றவாளி யார் என்று லேத்துக்காரர் சொல்வார்.

#16 லேத்துக்காரன்

சொல்லிடறேன். ராட் வளைஞ்சிருக்கு, இல்லேன்னா மோட்டார் தண்டும் ராடும் ஒரே கோட்டுல இல்லை. கண்ணாடிப் பலகை மேல ராடை உருட்டுங்க. அடியில வெளிச்சம் வந்து வந்து போனா வளைவு.

ஆனா முழுசா நேரா ஒரு எம்5 ராட் கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க. அது கட்டடத்துல போட்டு முறுக்கறதுக்குச் செஞ்சது. வளைவை நிமிர்த்தறதைவிட, வளைவு பிளஞ்சருக்குப் போய்ச் சேராம பண்றதுதான் புத்தி. தள்ளுற கட்டைக்கும் பிளஞ்சர் தட்டுக்கும் நடுவுல பேரிங்லேர்ந்து எடுத்த ஒரு இரும்புக் குண்டை வைங்க. கட்டையில ஒரு சின்னக் குழி, குண்டு அதுல உட்காரணும். ராட் பக்கவாட்டுல எவ்வளவு ஆடினாலும் குண்டு முன்னாடி மட்டும்தான் தள்ளும். நட்டையும் கட்டையோட இறுக்கி ஒட்டாதீங்க, சுத்தாம மட்டும் பிடிச்சுக்கட்டும், மத்தபடி ஆடட்டும்.

அந்த முதல் 20 நிமிஷம் பேக்லாஷ், அதாவது திருகு சுத்தியும் பிளஞ்சர் நகராத வெற்று ஆட்டம். கணக்குப் போட்டுப் பாருங்க, 2 மி.மீ. வருது. நட்டுல கொஞ்சம் ஆட்டம், கட்டைக்கும் பிளஞ்சருக்கும் இடைவெளி, ரப்பர் அமுங்கறது, எல்லாம் சேர்ந்து 2 மி.மீ. ரெண்டு நட்டு போட்டு நடுவுல ஸ்பிரிங் வெச்சா நட்டோட ஆட்டம் போகும். மீதி போகாது. அதுக்கு வேகமா முன்னாடி ஓட்டி, முனையில திரவம் வந்ததும் மெதுவான வேகத்துக்கு மாத்துங்க.

#17 இரவுப்பணி

அதையேதான் நாங்களும் செய்வோம். பம்ப்ல புது சிரிஞ்ச் மாட்டினதும் அப்படியே நோயாளிக்கு இணைக்க மாட்டோம். பர்ஜ் பட்டனை அழுத்திப் பிடிச்சு, குழாய் முனையில ஒரு சொட்டு எட்டிப் பார்த்த அப்புறம்தான் இணைப்போம். ரத்த அழுத்த மருந்து மணிக்கு 2 மி.லி. ஓடறப்போ அந்த ஆட்டத்தை விட்டுட்டா, திரையில ஓடுதுன்னு காட்டும், உடம்புக்குள்ள ஒண்ணும் போகாது.

அப்புறம் அந்த ஒழுங்கில்லாத குதிப்பு: சிரிஞ்சை முதல் நாளே நிரப்பி வெச்சீங்களா?

#18 படிகாரப்பித்தன்

ஆமா அக்கா, ராத்திரியே நிரப்பி மாட்டிட்டு, காலையில ஓட்டினேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

#19 இரவுப்பணி

ரப்பரும் பிளாஸ்டிக்கும் வழுக்கறதுக்காக உள்ளே சிலிகான் எண்ணெய் பூசியிருப்பாங்க. ஒரே இடத்துல ரொம்ப நேரம் நின்னா ரப்பர் அழுத்தி அந்த எண்ணெயை ஓரத்துக்குத் தள்ளிடும். அப்புறம் கிளம்பறப்போ ஒட்டிக்கிட்டு அடம்பிடிக்கும். நிரப்பறதுக்கு முன்னாடி காலி சிரிஞ்சை ரெண்டு மூணு தடவை முழுசா இழுத்துத் தள்ளிட்டு நிரப்புங்க, நிரப்பினதும் ஓட்டுங்க.

#20 நுண்படி

ஏ4988 எல்லாம் பழைய காலம். 256 மைக்ரோஸ்டெப் தர்ற (ஒரு ஸ்டெப்பை 256 நுண்படியா உடைக்கிற) டிரைவர் போடுங்க ப்ரோ, எல்லா குதிப்பும் போயிடும்.

#21 சுழியம்

போகாது. குதிப்பது மோட்டார் அல்ல, ரப்பர். திருகு சீராக நகர்கிறது. ரப்பர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் பிளஞ்சர் தண்டும் சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து விசையைச் சேமிக்கின்றன. ஒரு கட்டத்தில் ரப்பர் விடுபட்டு அவ்வளவு தூரத்தையும் ஒரே தாவலில் கடக்கிறது. மேசை மேல் கனமான பெட்டியை ரப்பர்ப் பட்டை கட்டி இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மைக்ரோஸ்டெப் பற்றி இன்னொன்று. 16 மைக்ரோஸ்டெப்பில் ஒரு நுண்படிக்கு மோட்டார் கூடுதலாகத் தரும் முறுக்கு, அதன் பிடிமுறுக்கில் (நிற்கும்போது தாங்கும் முறுக்கில்) 10 விழுக்காட்டுக்கும் கீழே. 256இல் அது 0.6 விழுக்காடு. உராய்வு அதைவிட அதிகம் என்றால் மோட்டார் ஒரு படியில் அசையாது, சில படிகள் சேர்ந்த பிறகே அசையும். எம்5 ராடில் 256 என்றால் ஒரு படி 0.016 மைக்ரோமீட்டர். அது காகிதத்தில் மட்டுமே இருக்கும் துல்லியம். 16 போதும்.

தாவல் குறைய மூன்று வழி. உராய்வைக் குறைப்பது: கண்ணாடி சிரிஞ்ச், அல்லது ரப்பரே இல்லாத இரண்டு பாக பிளாஸ்டிக் சிரிஞ்ச். அதில் சிலிகான் எண்ணெயும் கிடையாது, எத்தனாலுக்கு அதுதான் சுத்தம். இரண்டாவது, சட்டத்தை விறைப்பாக்குவது. மூன்றாவது, சிரிஞ்சைச் சிறிதாக்குவது: தாவும் தூரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் சிறிய குறுக்குப்பரப்பில் அதே தூரம் குறைந்த அளவு திரவம்.

#22 நுண்படி

சத்தமாவது குறையும்ல 😅

#23 சுழியம்

சத்தம் குறையும். ஒத்துக்கொள்கிறேன்.

#24 படிகாரப்பித்தன்

குண்டு வெச்சேன், ரெண்டு பாக சிரிஞ்ச் போட்டேன், அதே 10 மி.லி., கோட்டை அளந்து எண்ணையும் மாத்திட்டேன். தண்ணில அருமை. நிமிஷத்துக்கு 16, 17, 17, 16, 18. எட்டு நிமிஷ அலை இருந்த இடமே தெரியலை. லேத்து அண்ணே, அந்தக் குண்டுக்கு ஒரு கும்பிடு.

குஷியில எத்தனால் நிரப்பினேன். புது அலை! இந்தத் தடவை 20 நிமிஷத்துக்கு ஒண்ணு. ஊசி முனையைக் கண்ணாடி வழியாப் பார்த்தா, எத்தனால் தண்ணில கலக்கிற இடத்துல கானல் மாதிரி ஒரு நெளிவு மேல எழும்புது. அது கொஞ்ச நேரம் கொழுகொழுன்னு வருது, அப்புறம் நூலா இளைக்குது, மறுபடி தடிக்குது. திருகு அதே திருகு. தண்ணிக்கு வராத அலை எத்தனாலுக்கு ஏன் வரணும்?

#25 குடுவைக்காரி

பம்பை நிறுத்திட்டு, ஊசியை அப்படியே உள்ளே விட்டு, ஒரு மணி நேரம் தராசை மட்டும் பாருங்க. அப்புறம் ஊசியை வெளிய எடுத்துட்டு இன்னொரு மணி நேரம். அறையில ஏசி ஓடுதா?

#26 படிகாரப்பித்தன்

அக்கா, நீங்க மந்திரவாதி.

பம்ப் ஓடலை, ஆனாலும் எடை 8 மி.கி. ஏறி இறங்குது, 20 நிமிஷத்துக்கு ஒருதடவை. இறங்கறப்போ அந்தக் கானல் அறவே நின்னுடுது. ஊசி தண்ணியை உள்ள இழுத்துக்குதுன்னு நினைக்கிறேன். ஊசியை வெளிய எடுத்ததும் தராசு அசையலை. அப்ப தராசு மேல தப்பில்லை. ஏசி கம்ப்ரஸர் 20 நிமிஷத்துக்கு ஒருதடவை ஓடி நிக்குது, காத்து நேரா சிரிஞ்ச் மேல.

#27 குடுவைக்காரி

எத்தனால் ஒரு டிகிரிக்கு ஆயிரத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல விரியும். 10 மி.லி.க்கு 11 மைக்ரோலிட்டர், எடையில 8, 9 மி.கி. தண்ணி அதுல அஞ்சுல ஒரு பங்குதான் விரியும், அதான் அப்பத் தெரியலை. நீங்க செஞ்சு வெச்சிருக்கிறது பம்ப் மட்டும் இல்ல, தெர்மாமீட்டரும்தான். பழைய தெர்மாமீட்டர்ல சிவப்புச் சாயம் போட்டு இருந்ததும் ஆல்கஹால்தானே.

சிரிஞ்ச் மேல தெர்மோகோல் பெட்டி ஒண்ணு கவிழ்த்துடுங்க. மோட்டாரை மட்டும் வெளிய விடணும். ஸ்டெப்பர் நின்னுட்டு இருந்தாலும் சூடாகும், பெட்டிக்குள்ள சேர்த்து மூடினா ஏசிக்குப் பதிலா அது சிரிஞ்சைச் சூடாக்கும். சிரிஞ்சுக்குள்ள காத்துக்குமிழி இருந்தா அதையும் விரட்டிடுங்க.

#28 சுழியம்

குமிழி வெப்பத்தால் மட்டும் கெடுதல் செய்வதில்லை, ஸ்பிரிங்காகவும் நடந்துகொள்ளும். அரை மி.லி. காற்று இருக்கிறது, எதிர் அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது என்று வையுங்கள். குமிழி 0.045 மி.லி. சுருங்கும். உங்கள் வேகத்தில் அது இரண்டே முக்கால் நிமிடம் ஓட்டமே இல்லாதது போல் இருக்கும்.

போகிற போக்கில் ஒன்று: உங்கள் எண்களை ஒரு நிமிடச் சராசரி, ஐந்து நிமிடச் சராசரி, அரைமணிச் சராசரி என்று பிரித்துப் பிழையை வரைந்து பாருங்கள். இடது பக்கம் அகன்று வலது பக்கம் ஒடுங்கி, நாதஸ்வரத்தைப் படுக்க வைத்தது போல இருக்கும். மருத்துவப் பம்புகளைச் சோதிக்கும் ஐஇசி 60601-2-24 தரநிலையிலும் இதே வரைபடம்தான், அங்கே அதற்கு டிரம்பெட் வளைவு என்று பெயர். "பிழை 2 விழுக்காடு" என்று ஒருவர் சொன்னால், எத்தனை நிமிடச் சராசரியில் என்று கேளுங்கள்.

#29 படிகாரப்பித்தன்

பெட்டி கவிழ்த்தேன், அலை போச்சு. நேத்து ராத்திரி நிஜமான படிகாரக் கரைசல்ல ஓட்டிட்டுப் படுத்தேன்.

ரெண்டு மணிக்கு "டப்"புன்னு ஒரு சத்தம். எழுந்து பார்த்தா சிரிஞ்ச் மூக்குலேர்ந்து குழாய் கழண்டு கிடக்கு, மேசை முழுக்க எத்தனால். ஊசி முனையில வெள்ளையா ஒரு உருண்டை, கல்லு மாதிரி. எத்தனால் கரைசலைத் தொடுற இடமே அந்த முனைதானே, படிகாரம் விதையை விட்டுட்டு அங்கேயே வளர்ந்து ஊசியை அடைச்சிருக்கு.

#30 லேத்துக்காரன்

கழண்டது குழாயோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. 0.4 நியூட்டன் மீட்டர் மோட்டார், 0.8 மி.மீ. பிட்ச். உராய்வுல 70 விழுக்காடு வீணாப் போனாக்கூட 900 நியூட்டனுக்கு மேல தள்ளும், ஒரு நல்ல தடியான ஆள் பிளஞ்சர் மேல ஏறி நிக்கற மாதிரி. நீங்க கேக்கறது மணிக்கு ஒரு மில்லி, அது வெச்சிருக்கிறது ஜாக்கி பலம்.

கட்டையை ரெண்டாப் பிரிச்சு, நடுவுல முன்னாடியே அமுக்கி வெச்ச ஸ்பிரிங் போடுங்க. 30 நியூட்டன் வரைக்கும் அது அசையாது, அதனால சாதாரணமா ஓடறப்போ விறைப்பு குறையாது. அதுக்கு மேல போனா அமுங்கி ஒரு மைக்ரோ ஸ்விட்சைத் தொடும், மோட்டார் நிக்கும். உங்க சிரிஞ்ச்ல 30 நியூட்டன்னா ஏறக்குறைய 1.8 பார். குழாய் தாங்கும்.

#31 இரவுப்பணி

அடைப்பு அலாரம் அடிச்சா உடனே அடைப்பை எடுத்துடாதீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற தப்பு இது. குழாய் எங்கயோ மடங்கியிருக்கும், பார்த்ததும் கை தானா நிமிர்த்தும். அதுவரைக்கும் உள்ளே சேர்ந்திருந்த மருந்து மொத்தமும் ஒரே மூச்சுல போயிடும். முதல்ல அழுத்தத்தைப் பின்பக்கமா விடணும், அப்புறம்தான் மடிப்பை எடுக்கணும். இப்ப வர்ற பம்ப் சிலது தானாவே மோட்டாரைப் பின்னாடி சுத்தி அழுத்தத்தை இறக்கும். உங்க புரோகிராம்லயும் ஸ்விட்ச் தொட்டதும் கொஞ்சம் பின்னாடி வர்ற மாதிரி எழுதிடுங்க.

எல்லாருக்கும் சொல்றேன், இந்த இழையைப் பார்த்து யாரும் இதை மனுஷ உடம்புல மாட்டிடாதீங்க. எங்க பம்ப்ல பாதிக்கு மேல இருக்கிறது தள்ளுற வேலைக்கு இல்ல, நிறுத்தற வேலைக்கு.

#32 படிகாரப்பித்தன்

கண்டிப்பா அக்கா, படிகாரம் மட்டும்தான்.

கரைசலைக் கொஞ்சம் நீர்த்துட்டேன், முழு நிறைகரைசலா இல்லாம. மேக்னட் ஸ்டிரரை (காந்தத்தால சுத்துற கலக்கியை) ரொம்ப மெதுவாச் சுத்தவிட்டு, ஓட்டம் வேகமா இருக்கிற இடத்துல முனையை வெச்சேன். விதையை எதிர்ப்பக்கம் தொங்கவிட்டேன். ஸ்விட்ச் ஸ்பிரிங்கும் போட்டாச்சு.

10 மணி நேரம் ஓடி முடிஞ்சது. ஸ்விட்ச் ஒருதடவைகூடத் தொடலை. அடியில பொடி கொஞ்சம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா விதை 4 மி.மீ.லேர்ந்து 7 மி.மீ. ஆகியிருக்கு, எட்டு முகமும் தெளிவாத் தெரியுது. ஒரே ஒரு குறை: உள்ள மெல்லிசா ஒரு வெள்ளை வளையம், பூண்டுத் தோல் மாதிரி. பதிவைப் பார்த்தா ஆறாவது மணி நேரத்துல அஞ்சு நிமிஷம் எடை ஏறாம நின்னு, அப்புறம் ஒரேயடியா ஏறியிருக்கு. அந்த நேரத்துலதான் நான் எட்டிப் பார்க்கப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

#33 சாவிகொடுத்தவன்

அடுத்த தடவை பெட்டிக்குப் பூட்டு போட்டு சாவியை என்கிட்ட கொடுங்க.

#34 லேத்துக்காரன்

படம் போடுங்க தம்பி. படிகம் அப்புறம், முதல்ல குண்டு உட்கார்ந்திருக்கிற குழி.